ஊசி வந்த வழி

சாந்தோம் கடற்கரைத் தெருக்களில் ஒருவருக்குக் காலையில் வாய் கோணி, ஒரு கண் மூடாமல் போனால், "ராத்திரி கடக்காத்து பட்டிருக்கும்" என்பார்கள். அடுத்து யாராவது அக்குபங்சரைச் சொல்வார்கள்.

அந்த ஊசி வந்த வழி நீளமானது. கி.மு. 113இல் இறந்த சீன இளவரசர் லியு ஷெங்கின் கல்லறையை 1968இல் தோண்டியபோது பொன், வெள்ளி ஊசிகள் கிடைத்தன. 1822இல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவத்திலிருந்து ஊசியை விலக்கினார். நூறாண்டு கழித்து அதற்கு மறுவாழ்வு தந்தவர்களில் செங் தான்-ஆன் முக்கியமானவர். 1938இல் இந்தியாவிலிருந்து சீனப் போர்முனைக்குப் போன, டாக்டர் கோட்னிஸ் உள்ளிட்ட ஐந்து மருத்துவர்களில் ஒருவரான பிஜய் குமார் பாசு, 1950களின் இறுதியில் மறுபடி அங்கே போய்க் கற்று, கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் பல இடங்களில் ஊசியே மறைந்து, விரலால் ஒரு புள்ளியைத் தொடுவதே சிகிச்சையாகிவிட்டது.

இங்கேதான் எனக்குக் கவலை: தொடுதலை நம்பிக் காத்திருந்தால் மருந்துக்கான நேரம் போய்விடும். முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு, காதருகே எலும்புக்குள் ஒரு குறுகிய கால்வாய் வழியாக வருகிறது. அது வீங்கினால் விலக இடமில்லை, நசுங்குகிறது. வீக்கத்தை வற்றவைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 94.4 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுதாகத் தேறினார்கள், எடுக்காதவர்களில் 81.6 சதவீதம். எந்தச் சிகிச்சைக்கும் பேர் வாங்கித் தருவது, தானாகவே தேறும் இந்தப் பெரும்பான்மைதான்.

இந்த முகக்கோணலுக்கு ஊசி முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட நல்ல ஆய்வு 2013இல் சீனாவிலிருந்து வந்தது. 338 பேர், எல்லோருக்கும் ஸ்டீராய்டு உண்டு, ஊசியும் உண்டு. ஒரு பிரிவுக்கு ஊசியைக் குத்தியதோடு விட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு, குத்திய இடம் கனத்து மரத்துப்போகும்வரை விரல்களால் திருகினார்கள். ஆறு மாதத்தில் திருகப்பட்டவர்களே கூடுதலாகத் தேறினார்கள். ஊசியே போடாத பிரிவு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே ஊசி இல்லாமல் என்ன ஆகியிருக்கும் என்று அது சொல்லாது. ஆனால் தூண்டுதல் எவ்வளவு என்பதில் விஷயம் இருக்கிறது என்று காட்டுகிறது. தொடுதலுக்கு அதில் ஆதரவு இல்லை.

ஊசி போட்டுக்கொள்ள விரும்புகிறவர் மாத்திரையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டும். "மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்பவரிடம் போக வேண்டாம். நெற்றியைச் சுருக்க முடிந்து, வாய் மட்டும் கோணியிருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். மூடாத கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்தும் கண்ணாடியும், இரவில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டும் டேப்பும் அன்றைக்கே வேண்டும். உப்புக்காற்றும் மணலும் வீசும் கடற்கரையில் கருவிழி சீக்கிரம் உலர்ந்து புண்ணாகிவிடும்.