ராகிங் தடைச் சட்டம், தமிழ்நாடு

கல்வி நிலையங்களில் மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொடூரமாகக் கொல்லப்பட்டார். தமிழகமே அதிர்ந்தது, அவசரச் சட்டம் பிறந்தது. 1997இல் அது முழுச் சட்டமானது. இரண்டாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறெங்கும் சேர முடியாது.

இச்சட்டத்தின் உயிர்நாடி நிர்வாகத்தின் மீதான பிடி. புகார் வந்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். புகார் உண்மையென்று தெரிந்தால் குற்றம் செய்த மாணவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். அலட்சியம் காட்டினால் அவரும் குற்றத்துக்கு உடந்தை. ‘கல்லூரியின் பெயர் கெடும்’ என்று புகாரை அமுக்கும் வழக்கத்துக்கு இதைவிடச் சரியான பதில் இல்லை.

நாடு முழுவதற்குமான பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகள் 2009இல் வந்தன. மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். விடுதிகளில் திடீர்ச் சோதனை நடக்க வேண்டும். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். பாதிக்கப்பட்டவர் அஞ்சி ஒடுங்கியிருந்தால், அறைத்தோழரோ பெற்றோரோ பேசலாம்.