புரோகிராமரைத் தேடிய தேர்வுகள்

1950களின் நடுவில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வாங்கிய நிறுவனங்களுக்கு அதற்கான நிரல்களை எழுத ஆள் கிடைக்கவில்லை. கணினி அறிவியல் தனிப் பாடமாகக் கல்லூரிகளுக்கு வந்திராத காலம் அது. வேலை தெரிந்தவர் இல்லாததால், கற்றுக்கொள்ளக்கூடியவரைக் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. அதற்காக 1955இல் ஐபிஎம் உருவாக்கியதே ‘புரோகிராமர் ஆப்டிடியூட் டெஸ்ட்’. எண் தொடர், உருவ ஒப்புமை, வாக்கியக் கணக்கு என்று அதில் மூன்று பகுதிகள். கேம்பஸ் இன்டர்வியூவின் முதல் சுற்றில் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் எழுதிவருவதும் பெரும்பாலும் இதே வகைக் கேள்விகளைத்தான். 1967இல் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐபிஎம் தேர்வை எழுதினார்கள்.

இந்த மதிப்பெண்ணுக்கும் பிற்பாடு வேலையில் காட்டிய திறமைக்கும் வலுவான தொடர்பு இல்லை என்று அப்போதே ஆய்வுகள் சொல்லின. ஆனாலும் தேர்வு நீடித்தது. ஆயிரக்கணக்கானவர்களைக் குறைந்த செலவில் வடிகட்ட வேறு வழி அன்று இல்லை. இதில் அதிகம் இழந்தவர்கள் பெண்கள். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் 6 பெண்கள். அப்படித் தொடங்கிய தொழிலில், தேர்வின் விடைகள் ஆண்களின் கல்லூரிச் சங்கங்கள் வழியே கைமாறின. 1966இல் கேனன், பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் 1,378 புரோகிராமர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பெண்கள் 186 பேர் மட்டுமே. புதிரில் ஆர்வம், மனிதர்களிடம் ஆர்வமின்மை ஆகிய இரண்டும் புரோகிராமரின் அடையாளம் என்று அந்த ஆய்வு வரைந்த சித்திரம் ஆளெடுப்புச் சோதனைகளுக்குள் நுழைந்தது. யாரோடும் ஒட்டாத இளைஞன்தான் நல்ல புரோகிராமர் என்ற தவறான எண்ணம் வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

வாய்மொழிப் புதிர்களுக்கும் நீண்ட கதை உண்டு. டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லி, 1950களிலேயே விண்ணப்பதாரரை உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே புதிர் போட்டவர். நாக்அவுட் முறையில் 127 பேர் ஆடும் டென்னிஸ் போட்டியில் எத்தனை ஆட்டங்கள் நடக்கும் என்பது அவற்றில் ஒன்று. ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுவதால் விடை 126. மைக்ரோசாஃப்ட் இந்தப் பழக்கத்தை மென்பொருள் உலகம் முழுவதும் பரப்பியது. 2004இல் கூகுள் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலையோரம் ஒரு கணக்கையே விளம்பரப் பலகையாக நிறுத்தியது. விடை கண்டவர்களுக்கு இன்னொரு கணக்கு, அதையும் முடித்தவர்களுக்கு விண்ணப்ப அழைப்பு. அதே கூகுளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக், இத்தகைய புதிர்கள் நேர விரயம், எதையும் முன்கூட்டிக் காட்டுவதில்லை என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்.

அதற்குள் ஒயிட்போர்டு அந்த இடத்தைப் பிடித்திருந்தது. கம்பைலர் இல்லாமல், கேள்வி கேட்பவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசனையை வாய்விட்டுச் சொல்லியபடி பலகையில் நிரல் எழுத வேண்டும். ‘ஹோம்ப்ரூ’ மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கும் நிரலைப் பலகையில் எழுத முடியாததால் தனக்கு வேலை கிடைக்கவில்லை என்று 2015இல் அறிவித்தபோது பெரும் விவாதம் எழுந்தது. 2020இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு, இத்தகைய நேர்காணல் திறமையை மறைக்கக்கூடும் என்பதற்குச் சான்று தந்தது. ஒரே கணக்கைச் சிலர் கண்காணிப்பில் செய்தார்கள், சிலர் தனியறையில் செய்தார்கள். கண்காணிக்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. அந்தக் குழுவில் இருந்த பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியது என்றாலும், நேர்காணல் அளந்தது நிரல் அறிவையா பதற்றத்தையா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

தமிழ்நாட்டில் கேம்பஸ் நேர்காணல் கூட்டம் கூட்டமாக நடந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம், கையில் அரியர் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையிலேயே பலர் வெளியேறினார்கள். பிறகு எழுத்துத் தேர்வு, குழு விவாதம், டெக்னிக்கல், எச்ஆர். தமிழ்வழியில் படித்து வந்த கிராமத்து மாணவர்கள் பலர் கணக்கில் தேறி, ஆங்கிலக் குழு விவாதத்தில் விழுந்தார்கள். 2008–09 பொருளாதார மந்தத்தில், ஆஃபர் லெட்டர் வாங்கியும் வேலையில் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 2000களின் நடுவில் சோஹோ பட்டத்தையே கேட்காமல் பள்ளி முடித்தவர்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கத் தொடங்கியது, இந்தச் சல்லடைக்கு வெளியே நடந்த முக்கியமான முயற்சி.

திருச்சி என்ஐடியில் படித்த விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி இருவரும் தொடங்கிய ‘இன்டர்வியூஸ்ட்ரீட்’ பின்னர் ‘ஹேக்கர்ரேங்க்’ ஆனது. எழுதிய நிரலை இயந்திரமே திருத்தும் முறை அதன் வழியாகப் பரவியது. ‘லீட்கோட்’ வந்த பிறகு, நூற்றுக்கணக்கான கணக்குகளைப் போட்டுப் பழகுவது வேலை தேடுவோரின் அன்றாடக் கடமையானது. வேலையில் இருப்பவர்களோ பிறர் எழுதிய நிரலைப் படிப்பதிலும் பிழை தேடுவதிலும்தான் பெரும்பொழுதைச் செலவிடுகிறார்கள். அதைச் சோதித்த நேர்காணல்கள் குறைவு. கொரோனா காலத்தில் எல்லாச் சுற்றுகளும் வீடியோவுக்கு மாறின. செயற்கை நுண்ணறிவு திரைக்குப் பின்னாலிருந்து விடை சொல்லும் நிலை வந்ததும், ஒரு சுற்றாவது நேரில் நடக்க வேண்டும் என்று கூகுளின் சுந்தர் பிச்சை 2025இல் சொன்னார். வேறு சில நிறுவனங்கள் அந்தக் கருவிகளை நேர்காணலிலேயே பயன்படுத்த விண்ணப்பதாரர்களை அனுமதித்தன.