வைன் பாட்டிலில் வருஷம் போடுகிறார்கள்... கருப்பட்டியில் ஏன் இல்லை? ஒரு பருவத்தின் வெயிலும் மழையும் சுவையை மாற்றும் கதை

பெங்களூரிலோ சென்னையிலோ ஆபீஸ் டீம் டின்னருக்குப் போயிருக்கிறீர்கள். மெனு கார்டில் ஒரே இத்தாலிய ரெட் வைன், ஒரே கம்பெனி, ஒரே திராட்சை. ஆனால் 2014 என்று போட்டதற்கு ஒரு விலை, 2016 என்று போட்டதற்கு அதைவிடக் கூடுதல் விலை. ரெண்டு வருஷத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்?

இப்போது இன்னொரு காட்சி. திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் ரோட்டில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை தாண்டி வருகிறீர்கள். வழியில் ஒரு கடையில் கருப்பட்டிக் காப்பி. அந்தக் கருப்பட்டி எந்த வருஷத்து அக்கானியில் காய்ச்சியது என்று நீங்கள் கேட்டதில்லை. கடைக்காரரும் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பார்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் அது. இத்தாலியத் திராட்சையைப் பாதிக்கும் அதே வெயில், மழை, ஈரப்பதம்தான் பனையில் ஊறும் அக்கானியையும் பாதிக்கிறது. அங்கே அது விலைப்பட்டியல் ஆகிவிட்டது. இங்கே அந்த வித்தியாசம் வெள்ளைச் சீனிக்குள் மறைந்துபோகிறது.

இத்தாலியில் என்ன நடக்கிறது?

கொடியில் திராட்சை பழுக்கும் மாதங்களில் மூன்று விஷயங்கள் சேர்ந்தே நடக்கின்றன. பழத்தில் சர்க்கரை ஏறும்; பின்னால் ஆல்கஹாலாக மாறப்போவது இதுதான். புளிப்பு இறங்கும். தோலில் நிறமும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பான டானினும் முதிரும். வெயில் சர்க்கரையை ஏற்றுகிறது. இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. ராத்திரியும் சூடாகவே இருந்தால் பழம் தன் மாலிக் அமிலத்தைச் செலவழித்துவிடும். வைன் கனமாக, மந்தமாக வரும். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழம் உப்பி, சாறு நீர்த்து, பூஞ்சை பிடிக்கும்.

டஸ்கனியின் மொண்டால்சினோ மலையூரில் சாஞ்சியோவேசே என்ற ஒரே திராட்சையில் இருந்து ப்ரூனெல்லோ செய்கிறார்கள். 2014 கோடை அங்கே மழையும் குளிருமாகப் போனது. பலர் அந்த வருஷ ப்ரூனெல்லோவைக் குறைத்துக்கொண்டார்கள், சிலர் வெளியிடவே இல்லை. 2016-ல் நிதானமான வெயில், குளிர்ந்த இரவுகள். கொண்டாடப்பட்ட வருஷம் ஆனது. 2017-ல் ஏப்ரல் உறைபனியும் பிறகு வறட்சியும். 2023-ல் மத்திய, தென் இத்தாலியில் விடாத மழையால் கொடிகளில் பூஞ்சை நோய் பரவி, நாட்டின் மொத்த வைன் உற்பத்தி 1950-க்குப் பிறகான குறைந்த அளவுக்கு விழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, சரியில்லாத வருஷத்துக்கும் அங்கே ஒரு நேர்மையான வழி இருக்கிறது. ப்ரூனெல்லோ தரத்துக்கு வராத வைனை 'ரோஸோ டி மொண்டால்சினோ' என்ற பெயரில், குறைந்த விலையில் விற்கலாம். அதே ஊர், அதே திராட்சை. 'இது அந்த ரகம் இல்லை' என்று லேபிளே சொல்லிவிடும்.

சரி, பனைக்கு வருவோம்

பாலராமபுரம் என்றாலே கைத்தறிதான் நினைவுக்கு வரும். பாலராம வர்மா காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியில் இருந்து வந்து குடியேறிய சாலியர் நெசவாளர்களின் தெருக்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து தெற்கே எல்லை வரை இப்போது ரப்பர், வாழை, மரச்சீனி, தென்னை. பனை என்பது வரப்பிலும் குளக்கரையிலும் நிற்கும் மிச்சம். ஆனாலும் அக்கானி என்றால் என்ன என்று இங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை. மதுரைக்காரர்கள் பதநீர் என்பார்கள். ரெண்டும் ஒன்றுதான்.

பனையின் பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கலயம் கட்டுகிறார்கள். ஆண்பனை, பெண்பனை ரெண்டிலும் அக்கானி ஊறும். சீவிய வாய் காய்ந்து அடைந்துவிடும் என்பதால் தினமும் ஏறி மெல்லியதாக மறுபடி சீவ வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். தடவாவிட்டால் காற்றில் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும்.

இறக்கிய அக்கானியை வடிகட்டிக் காய்ச்சுகிறார்கள். பொங்கி வழியாமல் இருக்க இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போடுவார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி வட்டு. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமாராக 8 லிட்டர் அக்கானி வேண்டும். அக்கானியில் இருக்கும் 10 முதல் 13 சதவீதச் சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ். நம் வீட்டுச் சீனியில் இருக்கும் அதே மூலக்கூறு. (ஆகவே 'கருப்பட்டி என்றால் சுகர் ஏறாது' என்ற வாட்ஸ்அப் ஃபார்வேர்டை நம்ப வேண்டாம்.)

வானிலை எங்கே உள்ளே நுழைகிறது?

முதலில், முந்தைய வருஷத்து மழையில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை மண்ணில் விட்டுப்போன ஈரத்தில்தான் மரம் கோடையைக் கடக்கிறது. அதற்கு மேல் நல்ல வெயில் வேண்டும். இலையில் ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் சர்க்கரைதான் பாளைக்கு வந்து சொட்டுகிறது. திராட்சைக்கும் இதே கணக்குதான்.

ரெண்டாவது, கோடை மழையில். ஏப்ரல், மே மாத மாலைகளில் இடியோடு கொட்டும் மழைக்குக் கலயத்தின் வாய் திறந்தே இருக்கிறது. மழைத் தண்ணீர் கலந்த அக்கானியை அதே பதத்துக்குக் கொண்டுவரக் கூடுதல் நேரம் காய்ச்ச வேண்டும், கூடுதல் விறகு எரியும், நிறம் கறுக்கும், அடிப்பிடித்த வாசனை வரும். இதைவிட மோசம் ஒன்று உண்டு: ஈரமான பனை வழுக்கும். ஏற முடியாமல் போனால் சீவிய வாய் அடைந்து, அந்தப் பாளையே பயனற்றுப் போகலாம். திராட்சைத் தோட்டக்காரர் மழை விட்ட பிறகு நடந்து போய்ப் பார்க்கலாம். பனையேறிக்கு அது உயிர்ப் பிரச்னை.

மூன்றாவது, சூட்டில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், கருப்பட்டியின் குணம் தீர்மானமாகும் இடம் இதுதான்.

ராத்திரி முழுக்கச் சொட்டி விடியலில் இறங்கும் அக்கானி குளிர்ந்தது, அதனால் புளிப்பது மெதுவாகத்தான். ராத்திரியும் புழுங்கினால் ஈஸ்ட் சுறுசுறுப்பாகிவிடும். அது சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என ரெண்டாக உடைக்கிறது. புளிப்பு கூடக்கூட இந்த உடைப்பும் கூடும். உடைந்த சர்க்கரை எளிதில் படிகமாக இறுகாது. அப்படிப்பட்ட அக்கானியை எவ்வளவு காய்ச்சினாலும் வட்டு உறுதியாக நிற்காது, பிசுபிசுப்பாகக் கசியும்.

இதைத் தடுக்க ஒரே வழி சுண்ணாம்பைக் கூட்டுவது. கூட்டினால் வேறு விலை கொடுக்க வேண்டும். சுண்ணாம்பு மிஞ்சிய அக்கானி காயும்போது நிறம் அடர்ந்து, நாக்கில் ஒரு காரமும் கசப்பும் தங்கும். ஆக, ஒரு வட்டின் இனிப்பு, கசப்பு, நிறம், உறுதி எல்லாமே அந்த வாரத்து ராத்திரிகள் எவ்வளவு சூடாக இருந்தன என்பதன் பதிவு. புளிப்புக்கும் இரவுக் குளிருக்கும் டஸ்கனியில் உள்ள அதே உறவு இங்கே சுண்ணாம்பு வழியாக வருகிறது, அவ்வளவுதான்.

நாலாவது, காய்ச்சிய பிறகு. கருப்பட்டி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஜூன் பிறந்ததும் இந்தப் பக்கத்தில் அது வியர்க்க ஆரம்பித்துவிடும்.

பருவத்தை முடித்து வைப்பது யார்?

பாறசாலைப் பக்கத்து அக்கானி பருவத்துக்கு ஒரு கறாரான கடைசித் தேதி உண்டு: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாள். வழக்கமான தேதி ஜூன் 1. இந்திய வானிலை ஆய்வு மையம் அறிவித்த தேதிகள் இவை: 2018-ல் மே 29, 2019-ல் ஜூன் 8, 2020-ல் ஜூன் 1, 2021-ல் ஜூன் 3, 2022-ல் மே 29, 2023-ல் ஜூன் 8, 2024-ல் மே 30, 2025-ல் மே 24.

2023-க்கும் 2025-க்கும் 15 நாள் வித்தியாசம். காகிதத்தில் சின்ன எண். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 20 பனை ஏறுகிறார், கடைசி வாரங்கள் என்பதால் மரத்துக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நாளுக்கு 600 லிட்டர். அதாவது 75 கிலோ கருப்பட்டி. மழை முந்திக்கொண்ட வருஷத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்காமல் போவது இது. 2021-ல் மழை தொடங்கிய தேதி சாதாரணமாகத்தான் தெரிகிறது, ஆனால் மே மாத நடுவில் டவ்தே புயல் கேரளக் கடற்கரையில் கொட்டித் தீர்த்துவிட்டது. தேதி மட்டும் முழுக் கதையைச் சொல்லாது என்பதற்கு அது உதாரணம்.

இங்கிருந்து மூன்று, நாலு மணி நேர டிரைவில் இருக்கிறது உடன்குடி. பனங்கருப்பட்டிக்காகப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். திருவனந்தபுரத்தில் ஆண்டு மழை சுமார் 1,800 மிமீ. உடன்குடி இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் சுமார் 650 மிமீ. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் ஜூன் மழை அங்கே பெரிதாக எட்டாது. செம்மண் தேரிக்காட்டு வெயிலில் அக்கானி இன்னும் சில வாரங்கள் ஊறும், காய்ச்சிய வட்டு காய்ந்து நிற்கும். உடன்குடிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் கைப்பக்குவத்துக்கு எவ்வளவு பங்கோ, மழைமறைவுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே சொல்வேன்.

எல்லைக்கோட்டில் ஒரு சட்டச் சிக்கல்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. வானம் ஒன்றுதான், சட்டம் ரெண்டாகிவிட்டது. பாறசாலைப் பக்கம் உரிமம் பெற்ற கள்ளுக்கடை நடக்கலாம். களியக்காவிளை தாண்டினால் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. புழுக்கமான ராத்திரியில் புளித்துப்போன அக்கானி ஒரு பக்கத்தில், உரிமம் இருந்தால், இன்னொரு பொருள். மறுபக்கத்தில் அது குற்றம், இல்லையென்றால் நஷ்டம். கருப்பட்டிக்கு ரோஸோ டி மொண்டால்சினோ மாதிரி ஒரு இரண்டாம் தர லேபிளும் இல்லை. இறுகாத பாகைக் கூப்பனியாக விற்கலாம்தான். அதற்குச் சந்தை எவ்வளவு?

அதனால்தான் சீனி வருகிறது

இப்போது வியாபாரியின் இடத்தில் நின்று பாருங்கள். பனை சில மாதம்தான் தரும். காப்பிக் கடைக்கு 12 மாதமும் சப்ளை வேண்டும், எல்லா வட்டும் ஒரே நிறத்தில், ஒரே உறுதியில், ஒரே விலையில் வேண்டும். இறுகாத பாகில் வெள்ளைச் சீனியைக் கலந்தால் நன்றாக இறுகும். பருவம் இல்லாத மாதத்திலும் வட்டு கிடைக்கும். கலப்படத்துக்குப் பேராசை ஒரு காரணம். வானிலை மாறினாலும் பொருள் மாறக் கூடாது என்று நாம் பிடிக்கும் அடம் இன்னொரு காரணம்.

இத்தாலியும் இதைக் கடந்துதான் வந்தது. 1986-ல் மலிவு வைனின் ஆல்கஹால் அளவைக் கூட்ட மெத்தனால் கலந்தார்கள்; 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு 1992-ல் வைன் சட்டமே திருத்தி எழுதப்பட்டது. வைனில் சாதாரணச் சர்க்கரை சேர்ப்பது அங்கே தடை. லேபிளில் வருஷம் போட்டால் குறைந்தது 85 சதவீத வைன் அந்த வருஷத்து அறுவடையில் இருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி.

நம் உணவுத் தர விதியோ கரும்பு வெல்லத்தையும் பனை வெல்லத்தையும் ஒரே வரையறைக்குள் வைத்து, மொத்தச் சர்க்கரை 90 சதவீதம், சுக்ரோஸ் 60 சதவீதம் குறையக் கூடாது என்று பார்க்கிறது. சீனி கலந்த கருப்பட்டி இதில் சுலபமாக பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் சீனி என்பதே சுக்ரோஸ்தான். ஆனால் கண்டுபிடிக்க அறிவியலில் வழி இருக்கிறது. கரும்பு ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு, பனையின் முறை வேறு. அதனால் ரெண்டின் சர்க்கரையிலும் கார்பன்-13 ஐசோடோப்பின் விகிதம் மாறுபடும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் அதே டெஸ்ட்தான் இது.

நீங்கள் லேப் போக வேண்டாம். வாங்கும்போது ரெண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மாதம் காய்ச்சியது, எந்த ஊர்ப் பனை? நவம்பரில் போய் 'இந்த வாரம் காய்ச்சியது' என்று எல்லைப் பக்கத்தில் யாராவது சொன்னால் யோசியுங்கள். கொஞ்சம் கசிவது, நிறம் ஒரே மாதிரி இல்லாதது, வட்டுக்கு வட்டு ருசி மாறுவது, இதையெல்லாம் குறை என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். மே மாதக் கடைசியில் வாங்கினால் ஓலைப் பெட்டியிலோ காற்றுப் புகாத டப்பாவிலோ போட்டு, அடுப்புப் பக்கத்து உலர்ந்த அலமாரியில் வையுங்கள். மூடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வருஷத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.