நீட் தவறினால் மருத்துவமனை வாசல் மூடிவிடுமா?

நீட் மதிப்பெண் குறைந்ததும் பிள்ளையின் மருத்துவக் கனவே முடிந்துவிட்டதாக நம் வீடுகளில் கருதிவிடுகிறோம். மருத்துவமனையோ மருத்துவர்களால் மட்டும் இயங்குவதில்லை. செயற்கைச் சுவாசக் கருவி, டயாலிசிஸ் இயந்திரம் போன்றவற்றை வடிவமைப்பதும் பராமரிப்பதும் உயிர்மருத்துவப் பொறியாளர்களின் பணி. புற்றுநோயாளிக்குத் தரும் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுபவர், இயற்பியல் பட்டத்திற்குப் பின் மேற்படிப்பு முடித்த மருத்துவ இயற்பியலாளர். இதய அறுவைச் சிகிச்சையில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர் பெர்ஃபியூஷனிஸ்ட்.

இதற்கான முடிவு பிளஸ் ஒன் சேர்க்கையிலேயே தொடங்குகிறது. தமிழகப் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே கணக்கு. மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கு உயிரியல் வேண்டும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுத்தால் இரண்டு வாசல்களும் திறந்திருக்கும். விண்ணப்பம் நிரப்பும் முன், பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவோம்.