புல்தரைப் பள்ளிக்கூடம்

இங்கிலாந்து தேசத்துச் சரித்திரம் என்று சொன்னால் நமக்கு உடனே ராஜாக்களும் ராணிகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். எட்டாவது ஹென்றி எத்தனை பேரை மணந்தான், முதலாவது சார்லஸின் தலை எந்த ஆண்டில் விழுந்தது என்பதெல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட விஷயங்கள். ஆனால் அந்தத் தேசத்துக் கிராமங்களில் யார் யாருக்குப் பயந்து வாழ்ந்தார்கள், அந்தப் பயம் எப்போது, எப்படித் தெளிந்தது என்று கேட்டால் பாடப் புத்தகங்கள் வாயைத் திறப்பதில்லை. கதை எழுதுகிறவனுக்கு வேண்டியதோ அதுதான்.

நார்போக் என்பது இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஜில்லா. மலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் அங்கே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையும் பார்லியும் விளையும் சமநிலம். இடையிடையே பழைய மாதா கோயில்களின் கோபுரங்கள். ஜில்லாவின் தலைநகரம் நாரிச். தெற்கே டிஸ் என்ற சின்னப் பட்டணம். அதற்குப் பக்கத்தில் பர்ஸ்டன் என்று ஒரு கிராமம். இந்தக் கிராமத்துக் குழந்தைகள் 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று ஒரு காரியம் செய்தார்கள். அது முட்டாள்கள் தினத்து விளையாட்டு என்று நினைத்தவர்கள் இருபத்தைந்து வருஷ காலம் ஏமாந்து போனார்கள்.

அந்தக் காலத்து நார்போக் கிராமத்தை மூன்று சாவிகள் ஆண்டன என்று சொல்லலாம். ஒன்று பண்ணையின் சாவி. மற்றொன்று கோயிலின் சாவி. மூன்றாவது பள்ளிக்கூடத்தின் சாவி. மூன்றும் பெரும்பாலும் ஒரே வளையத்தில்தான் தொங்கின. பண்ணைக் கூலிக்கு வாரத்துக்கு 13 அல்லது 14 ஷில்லிங் சம்பளம். வருஷத்துக்குக் கூட்டினால் சுமார் 35 பவுன். அவன் குடியிருந்த வீடு பல இடங்களில் பண்ணைக்காரருக்கே சொந்தம். வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். பர்ஸ்டன் கோயிலின் பாதிரியாரான சார்லஸ் டக்கர் ஈலாண்டுக்கோ வருமானம் வருஷத்துக்கு 581 பவுன். அதுதவிரப் பெரிய மாளிகை; 54 ஏக்கர் கோயில் மானிய நிலம். பாதிரியாரே பள்ளிக்கூட நிர்வாகக் கமிட்டிக்கும் தலைவரானார். கமிட்டியில் அவருடைய மனைவியும் ஓர் அங்கத்தினர். பள்ளிக்கூடம் என்னவோ ஜில்லாக் கவுன்சிலுடையது. அதன் மூச்சு மட்டும் பாதிரியாரின் மாளிகையில் இருந்தது.

இந்த ஊருக்கு 1911-ல் ஒரு தம்பதி வந்து சேர்ந்தார்கள். மனைவி ஆனி ஹிக்டன் தலைமை ஆசிரியை. கணவர் டாம் ஹிக்டன் அவருக்குக் கீழே உதவி ஆசிரியர். இந்த ஏற்பாடே அந்தக் காலத்தில் பலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். டாம் பண்ணைக் கூலி ஒருவரின் மகன். வயலில் வேலை செய்கிறவனின் முதுகுவலி எப்படிப்பட்டது என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இதற்கு முன் அதே ஜில்லாவில் வுட் டாலிங் என்ற ஊரில் இருவரும் வேலை பார்த்தார்கள். அங்கே பண்ணைக்காரர்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களை இஷ்டப்பட்டபோது வயல் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சட்டம் கூடாது என்கிறதே என்று ஹிக்டன்கள் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களே பள்ளிக்கூடக் கமிட்டியிலும் உட்கார்ந்திருந்தவர்கள். ஆகவே மாற்றல் உத்தரவு வந்தது. பர்ஸ்டன் அப்படிக் கிடைத்த இடந்தான்.

ஆனால் குணம் மாற்றலாகிறதா? பள்ளிக்கூடத்தில் ஈரம் கசிகிறது, வெளிச்சம் போதவில்லை, கணப்பு சரியில்லை என்று ஹிக்டன் அம்மாள் கமிட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் தூரத்திலிருந்து நடந்து வந்த குழந்தைகள் மழையில் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். அம்மாள் கணப்பில் நெருப்பு மூட்டி அவர்களுடைய துணிமணிகளை உலர்த்தினார். அநுமதி பெறாமல் நெருப்பு மூட்டியதற்காகக் கமிட்டி அவரைக் கண்டித்தது! நாவலில் நான் இப்படி ஒரு கட்டம் எழுதினால், "பாதிரியாரை இவ்வளவு கறுப்பாகச் சித்திரிக்கலாமா?" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். வாழ்க்கைக்கு அந்தக் கூச்சம் எல்லாம் இல்லை.

கணவர் செய்த குற்றம் இன்னும் பெரிது. மாலை வேளைகளில் சைக்கிளில் ஏறி ஊர் ஊராகப் போய், பண்ணைத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்த்தார். அந்தச் சங்கத்தின் கதையே தனியாகச் சொல்லத்தக்கது. அதை 1906-ல் இதே நார்போக்கில் தொடங்கிய ஜார்ஜ் எட்வர்ட்ஸ் ஆறு வயதில் வயலில் காக்கை விரட்டிய பையன். கல்யாணமான பிறகு மனைவியிடம் எழுத்துக் கற்றுக்கொண்டவர். பிற்பாடு 1920-ல் தெற்கு நார்போக்கின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டுக்கே போய் உட்கார்ந்தார். காக்கை விரட்டிய கை சட்டம் இயற்றப் போகும் காலம் வந்துகொண்டிருந்தது. பெரிய மனிதர்கள் அதை மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

1913-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பர்ஸ்டனில் கிராமச் சபைத் தேர்தல் வந்தது. இந்தச் சபைகளை 1894-ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்படுத்தியிருந்தது. ஆனால் சட்டம் ஒன்றை ஏற்படுத்துவதாலேயே அது நடைமுறைக்கு வந்துவிடுகிறதா, என்ன? கிராமக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கையைத் தூக்கி வோட்டுப் போடுவதே அக்காலத்து வழக்கம். எதிரே எஜமானர் உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கை துணிந்து எழும்பும்? ஆகவே பர்ஸ்டன் சபையிலும் பாதிரியாரும் பண்ணைக்காரர்களுமே வழக்கமாக அமர்ந்தார்கள். அந்த வருஷம் டாம் ஹிக்டனும் தொழிலாளர் சிலரும் போட்டியிட்டார்கள். வோட்டுகளை எண்ணியபோது ஹிக்டனின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. கடைசியில் இருந்தது பாதிரியாரின் பெயர்.

ஒரு மனிதர் தேர்தலில் தோற்பது பெரிய விஷயம் அல்ல. ஞாயிற்றுக்கிழமைதோறும் தமக்கு முன் தலை குனிந்து நிற்கிறவர்களிடம் தோற்பது வேறு விஷயம். அடுத்த வருஷத்துக்குள் ஹிக்டன் அம்மாளின் மீது குற்றச்சாட்டு கிளம்பியது. ஊரில் ஓர் அம்மாளின் பராமரிப்பில் அநாதை விடுதியைச் சேர்ந்த இரண்டு சிறுமிகள் இருந்தார்கள். தலைமை ஆசிரியை அவர்களைப் பிரம்பால் அடித்துவிட்டார் என்பது புகார். இல்லவே இல்லை என்று அம்மாள் மறுத்தார். அடிப்பதை வெறுக்கிறவர் அவர் என்பது பெற்றோருக்குத் தெரியும். ஜில்லாக் கல்விக் கமிட்டி விசாரணை நடத்தியது. பிரம்படியோடு, நிர்வாகிகளிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார் என்ற குற்றமும் சேர்ந்துகொண்டது. முடிவில் கணவன் மனைவி இருவரையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் அந்த இரண்டு சிறுமிகளை நினைத்துக்கொள்ளாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அவர்களைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பெரியவர்களின் சண்டையில் அகப்பட்ட அநாதைகள் அவர்கள். மற்றக் குழந்தைகளுக்காகக் கொடி பிடிக்கத் தாய்மார் வந்தார்கள். இவர்களுக்காக வர யாரும் இல்லை. நியாயம் உள்ள போராட்டத்திலும் இப்படிச் சிலர் ஓரத்தில் நசுங்கிப் போகிறார்கள்.

புது ஆசிரியர்கள் ஏப்ரல் முதல் தேதி பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். உள்ளே ஆறு குழந்தைகள் இருந்தன. ஊரில் மொத்தம் 72 மாணவர்கள். மற்ற 66 பேரும் தெருவில் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்! முன்னால் வயலட் பாட்டர் என்ற பதின்மூன்று வயதுப் பெண். எங்கள் ஆசிரியர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிய அட்டைகள் பிள்ளைகளின் கைகளில். ஊரைச் சுற்றி வரும் பாதையின் வடிவத்தைப் பார்த்து அதற்கு 'மெழுகுவத்தித் தண்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பாதை முழுவதும் ஊர்வலம் சென்றது. எமிலி வில்பி என்ற சிறுமி நடந்ததை எல்லாம் பிற்பாடு தன் கைப்பட எழுதி வைத்தாள்.

ஒரு நாள் கூத்து என்றுதான் கமிட்டியார் நினைத்தார்கள். ஆனால் ஹிக்டன் தம்பதி ஊர்ப் பொதுப் புல்தரையில் பாடம் தொடங்கிவிட்டார்கள். பெற்றோர் வீட்டு நாற்காலிகளையும் பெஞ்சிகளையும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோரை டிஸ் பட்டணத்துக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். முதல் தடவை ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் அபராதம். அடுத்த தடவை 5 ஷில்லிங். வாரச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று கணக்குப் பார்த்தால்தான் அந்தத் தொகையின் கனம் தெரியும். பொதுமக்களிடம் வசூல் செய்து அபராதத்தைக் கட்டினார்கள். குழந்தை ஒன்றுகூடத் திரும்பவில்லை. குழந்தைகள் உண்மையிலேயே படித்துக்கொண்டிருந்தபடியால், படிக்கவில்லை என்று சொல்லி வழக்குத் தொடுப்பதும் கடினமாகிவிட்டது.

குளிர்காலம் வந்ததும் புல்தரை உதவாது. ஒரு தச்சர் தம்முடைய பட்டறையைக் கொடுத்தார். வெள்ளையடித்து, அதைப் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். பாதிரியாரும் சும்மா இருக்கவில்லை. கோயில் மானிய நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த ஏழைகளில், பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கு நிலத்தை விடும்படி நோட்டீஸ் விட்டார். பண்ணைக்காரர்களும் ஆட்களை வெளியேற்றியிருப்பார்கள். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் யுத்தம் வந்துவிட்டது. வாலிபர்கள் பட்டாளத்துக்குப் போனபின் ஏர் பிடிக்க ஆள் ஏது? உலகத்தை அழித்த யுத்தம் பர்ஸ்டனில் சில குடிசைகளைக் காப்பாற்றியது. சரித்திரம் இப்படியும் கணக்கு எழுதுகிறது.

கிராமத்துச் செய்தி தேசமெங்கும் பரவியது. வேல்ஸிலும் வடக்கிலும் நிலக்கரி வெட்டுகிறவர்கள், ரயில்வேத் தொழிலாளர்கள், இன்னும் எத்தனையோ சங்கத்தார் பணம் அனுப்பினார்கள். 1917-க்குள் 1,250 பவுன் சேர்ந்தது. புல்தரையின் ஓரத்திலேயே சொந்தமாக ஒரு கட்டடம் எழுந்தது. பணம் கொடுத்தவர்களின் பெயர்களை முகப்புச் சுவரின் கற்களில் பொறித்தார்கள். 1917-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி திறப்பு விழா. ஜார்ஜ் லான்ஸ்பரி, சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் முதலிய பிரபலஸ்தர்கள் வந்திருந்தார்கள். ஆனால் கதவைத் திறந்து வைத்தவள் வயலட் பாட்டர்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஊர்வலத்தின் முன்னால் நடந்த அதே பெண்.

இத்துடன் நிறுத்தினால் மங்களமான முடிவு. ஆனால் கட்டடம் எழுந்ததாலேயே தீர்ப்பு மாறிவிடவில்லை. ஹிக்டன்களுக்குப் பழைய வேலை கடைசி வரையில் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஊர்வலம் போன குழந்தைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டார்கள். ஹிக்டன் தம்பதி புதுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1939-ல் டாம் ஹிக்டன் காலமானார். முதுமையில் அம்மாளால் தனியாக நடத்த முடியவில்லை. மீதியிருந்த 11 பிள்ளைகள் ஜில்லாக் கவுன்சில் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். அம்மாள் 1946-ல் மறைந்தார்.

அப்படியானால் இருபத்தைந்து வருஷப் பிடிவாதத்தில் யார் ஜெயித்தார்கள்? காகிதத்தில் பார்த்தால் கமிட்டிதான். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். எஜமானருக்கு முன்னால் கையைத் தூக்கத் தயங்கிய ஜனங்கள் ஒரு தடவை தூக்கினார்கள். அதற்கு விலை கேட்கப்பட்டபோது அபராதமாகவும் நிலமாகவும் கொடுத்தார்கள். அப்புறமும் கையைக் கீழே இறக்கவில்லை. ஓட்டுச் சீட்டின் மதிப்பை எத்தனையோ மேதாவிகள் மேடையில் விளக்கியிருக்கிறார்கள். சீட்டைப் பெட்டியில் போட்ட மறுநாள் என்ன நடக்கும் என்பதுதான் ஏழைக்கு முக்கியம். பர்ஸ்டன் அந்த மறுநாளின் கதை.

கட்டடம் இன்றும் இருக்கிறது. அதை இப்போது ஒரு காட்சிசாலையாகப் பாதுகாத்து வருகிறார்கள். 1984 முதல், செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொழிலாளர்கள் கொடிகளோடு கூடி, குழந்தைகள் சென்ற அதே 'மெழுகுவத்தித் தண்டு'ப் பாதையில் ஊர்வலம் வருவது வழக்கமாயிற்று. ஹிக்டன் தம்பதியின் சமாதிகளுக்கும் போய் மலர் வைக்கிறார்கள். அதற்கு அவர்கள் அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. தம்பதி இருவரும் அடங்கியிருப்பது பர்ஸ்டன் மாதா கோயிலின் தோட்டத்திலேதான்.