மேகத்தில் பிறந்த பிரேக்

என்ஜின் இல்லாத கிளைடரை மேலே ஏற்றுவதுதான் கஷ்டம் என்று நினைப்போம். இறக்குவதும் லேசுப்பட்டதல்ல. 20 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் மட்டுமே தாழும் கிளைடர், வயலோரத்து 15 மீட்டர் மரத்தைத் தாண்டி வந்தால் தரை தொட இன்னும் 300 மீட்டர் வேண்டும். தரையை நெருங்க நெருங்கக் காற்று இறக்கையைக் கூடுதலாகத் தாங்குவதால் அந்தத் தூரமும் நீளும். மூக்கை அழுத்தினால் வேகம் கூடி, வயலின் மறுகோடிவரை மிதக்கும். 1930-களில் ஜெர்மானியர்கள் கிளைடரை மெருகேற்ற மெருகேற்ற இந்தத் தொல்லையும் வளர்ந்தது. பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைப்பது பழைய கைவித்தை.

இந்தத் தொல்லைக்கு மருந்து, இறக்கையிலிருந்து தகடாக எழுந்து காற்றைத் தடுக்கும் ஏர்பிரேக். ஆனால் அதைப் பிறப்பித்தது வயல் அல்ல, மேகம். ஏறுகாற்றைத் தேடிக் கார்மேகத்துக்குள் நுழைந்தவர்களுக்கு உள்ளே மேல், கீழ் தெரியாது. தடுமாறிக் குப்புறப் பாய்ந்தால் வேகம் எகிறி இறக்கை முறியும். டார்ம்ஸ்டாட் கிளைடர் ஆய்வு நிலையத்தின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் யாக்கோப்ஸ் இதற்கு வழி தேடினார். இறக்கையின் மேற்புறம் மட்டும் எழும் ஸ்பாய்லர் போதவில்லை. மேலும் கீழும் திறக்கும் தகடுகளைப் பொருத்தினார். செங்குத்தாகப் பாய்ந்தாலும் வேகம் எல்லை மீறக் கூடாது என்பது இலக்கு. அப்படிப் பாய்ந்து சோதித்தவர் விமானி ஹன்னா ரைட்ஷ். பாய்ந்து குண்டுவீசும் விமானங்களுக்கு உதவுமே என்று ஜெர்மன் விமானப்படையும் கண் வைத்தது.

தரையிறக்கத்துக்கு வாய்த்ததெல்லாம் இதன் உபரி லாபம்தான். இடக்கையில் நீலக் கைப்பிடி. இழுத்தால் பூட்டு விடுபடும், காற்றின் இரைச்சல் மாறும், இருக்கை கீழே நழுவுவதுபோல் இருக்கும். கெட்டிக்காரர்கள் பாதி இழுத்த நிலையில் வருவார்கள். வயல் எட்டாது போலிருந்தால் உள்ளே தள்ளலாம், தாண்டிவிடும் போலிருந்தால் இன்னும் இழுக்கலாம்.

அமெரிக்க வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஷ்ரெடரோ ஏர்பிரேக்குக்குப் பதில், இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் ஃப்ளாப்பையே நம்பினார். அவருடைய எச்பி ரகக் கிளைடர்களில் பெரிய ஃப்ளாப்புகள் கிட்டத்தட்ட நேர்க்கீழாக மடங்கும். ஃப்ளாப் தூக்குவிசையையும் கூட்டுவதால் இன்னும் குறைந்த வேகத்தில் தரை தொட முடியும். எனக்கும் அந்த யோசனை பிடிக்கும்தான். சிக்கல் இதுதான்: உயரம் போதாதென்று பதறி அதைச் சட்டென்று மேலே ஏற்றினால் தூக்குவிசை போய் கிளைடர் பொத்தென்று அமரும். ஏர்பிரேக்கை மூடினாலோ தூக்குவிசை திரும்பி வரும்.

அதனால் பெரும்பாலோர் ஏர்பிரேக்கையே வைத்துக்கொண்டார்கள். ஐரோப்பியச் சான்றிதழ் விதிப்படி, 50 மீட்டருக்கு 1 மீட்டர் தாழும் கிளைடரும் பிரேக்கைத் திறந்தால் 7 மீட்டருக்கு 1 மீட்டராவது தாழ்ந்தாக வேண்டும்.