உள்ளாட்சி ஆவணக் காப்பும் பொருள் ஒதுக்கீடும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பண்டைத் தமிழகத்தின் ஊராட்சி முறையை நாம் இன்று விரிவாக அறிவதற்குக் காரணம், அக்காலத்து அவையோர் தம் முடிபுகளை அழியா இடத்தில் பொறித்துவைத்தமையே ஆகும். முதற் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூர்ச் சபையார் வகுத்த குடவோலை விதிகள் இன்றும் கல்லில் நின்று பேசுகின்றன. தாம்பரத்துக்கு அணித்தான மணிமங்கலத்திலும் சோழர் கல்வெட்டுக்கள் பல உள்ளன.

எனினும், கல்லேறியவை தேர்ந்தெடுத்த சிலவே. நாள்தோறும் எழுந்த கணக்குகள் ஓலையில் இருந்தன. சோழர் அரசியலில் 'வரிப்பொத்தகம்' எனப்பட்ட அலுவலர் இருந்தமை, கணக்கைப் பேணுதல் தனிக் கடமையாகக் கருதப்பட்டதைக் காட்டும். சேக்கிழார் பெரியபுராணத்தில் காட்டும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கும் ஈண்டுக் கருதத்தக்கது. அங்கு அவையோர், காப்பிலிருந்த வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்புநோக்கியே தீர்ப்புக் கூறுகின்றனர். இது காப்பியச் செய்தியே ஆயினும், பழைய ஆவணத்தைக் காவலில் வைத்திருந்தாலன்றி நீதி வழங்கவியலாது என்னும் கருத்து 12ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தமைக்குச் சான்றாகும்.

பிற்காலத்தில், 1763இல் ஆங்கிலக் கும்பினியார் பெற்ற செங்கற்பட்டுச் சாகீரில் தாமஸ் பர்னார்டு என்பார் 1767 முதல் 1774 வரை ஊர்தோறும் அளவை செய்தார். அந்நூற்றாண்டுக்குரிய செங்கற்பட்டு ஊர்க்கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேணப்படுகின்றன. அரசின் தாள்களுக்கோ 1909இல் எழும்பூரில் ஆவணக் களரி அமைந்தது. ஆனால் 1884ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழி வளர்ந்த நகராட்சிகள், ஊர் மன்றங்கள் ஆகியவற்றின் கூட்டக் குறிப்புகளும் வரிப் பதிவேடுகளும் பெரும்பாலும் அவ்வவ் அலுவலகப் பொறுப்பிலேயே நின்றன.

அவ்வலுவலகமே மறைந்தால் ஆவணத்தின் நிலை யாது? 2011இல் ஆலந்தூர் நகராட்சி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் பேரூராட்சிகள் முதலிய 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றித் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. இத்தகைய இணைப்பில் கட்டடம், வரிப்பாக்கி, பணியாளர் என்பன கணக்கில் ஏறும். விலைமதிப்பு இல்லாத பழந்தாள் எளிதில் விடுபடும்.

அத்தாள்களின் பயன் சிறிதன்று. ஏரி எல்லை, வாய்க்கால் போக்கு, புறம்போக்கு நிலம், வீட்டு வரி ஆகியவற்றுக்கு அவை கரியாவன. 1956இல் தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் பெற்ற பின்னர் அலுவலகத் தமிழ் உருவான வரலாற்றை ஆராய்வார்க்கும், சிற்றூர் மன்றத் தீர்மானங்களை விடச் சிறந்த சான்று வேறின்மை வெளிப்படை.

இனி, பொருள் பற்றிய வினா. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் நடுவணரசு, ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றின் ஆவணங்களையே தழுவும். மாநில உள்ளாட்சிகள் அதன் வரம்பில் இல்லை. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட நிதியால், புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் 1870 முதல் 1940 வரையிலான தமிழகச் சிற்றூர் நீதி மன்றங்களின் ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தனர். பாராட்டத்தக்க பணியே அது. ஆயினும் இவ்வகைக் கொடை ஒரு திட்டத்தோடு முடிவது. தாளின் காவலோ ஆண்டுதோறும் தொடர்வது. முடியும் பொருளைக் கொண்டு முடியாக் கடமையை ஆற்றவியலாது.

ஆதலின், இணைந்து உருவான மாநகராட்சிகள் தம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஆவணக் காப்புக்கெனத் தனித் தலைப்பு வகுத்தலே தக்க வழியாகும். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைவழி வரும் பங்கிலும் இதற்கு இடம் காணலாம். முதலில் வேண்டுவது பட்டியல். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அடுத்து ஈரமும் கறையானும் அணுகா அறை; அதன் பின்னரே படியெடுத்தல். பட்டியலின்றிப் படியெடுக்கப் புகுதல் வித்தின்றி உழுதலை ஒக்கும்.

குடிநீரும் வடிகாலும் இருக்கத் தாளுக்குப் பொருளா எனச் சிலர் வினவலாம். 2015 திசம்பரில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை அவர் எண்ணிப்பார்க்க வேண்டும். நீர் முன்பு சென்ற வழியைக் கூறவல்ல பழங்கணக்கைப் பேணுதலும் வடிகாற் பணியின் ஒரு கூறேயாகும். உத்தரமேரூர்ச் சபை ஏரிக்கென ஒரு வாரியம் அமைத்ததோடு அமையாது, தன் விதியைக் கல்லிலும் ஏற்றியது. நீரும் எழுத்தும் ஒருங்கே காக்கத்தக்கன என்பது அதனால் பெறப்படும்.